கறைப்பல்லும் சொத்தைப்பல்லும்: குழந்தைப் பற்காப்பு வரலாற்றில் நீரின் இடம்

பல்லின் குறையைச் சுட்டத் தமிழ் மக்கள் வழங்கும் சொற்களுள் கறை, சொத்தை என்னும் இரண்டும் பொருளால் வேறானவை. கறை என்பது நிறக்கேடு. சொத்தை என்பது உள்ளே குடைந்து அரித்த கேடு. சொத்தைக் கத்தரிக்காய், சொத்தைப் பாக்கு என வழங்கும் இடங்களில் புழுவோ பூச்சியோ உள்ளிருந்து தின்ற பொருளையே அச்சொல் குறிக்கக் காண்கிறோம். பூச்சிப்பல் என்னும் வழக்கும் இக்கருத்துப் பற்றியதே. பல்லைப் புழு தின்கிறது என்னும் நம்பிக்கை தமிழர்க்கே உரியதன்று. பண்டைப் பாபிலோனியரின் களிமண் ஏடுகளில் அது காணப்படுகிறது. ஐரோப்பாவிலும் 18-ஆம் நூற்றாண்டுவரை அதனை நம்பினோர் பலர். 1728-இல் பல் மருத்துவம் பற்றி விரிவான நூல் எழுதிய பிரெஞ்சு மருத்துவர் பியேர் போஷார், அத்தகைய புழுவைத் தாம் கண்டதில்லை என்றார்.

இவ்விரு சொற்களையும் ஈண்டு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. குழந்தைகளின் பல்லை நோய் வருமுன் காக்கலாம் என்னும் கொள்கை 20-ஆம் நூற்றாண்டில் உருவான வரலாறு, பெரும்பகுதியும் இவ்விரு குறைகளையும் வேறு பிரித்தறிந்த வரலாறே ஆகும். சொத்தையைத் தடுக்கும் பெருவழி ஒன்று சொத்தையை ஆராய்ந்தோரிடமிருந்து தோன்றவில்லை; கறையை ஆராய்ந்தோரிடமிருந்து தோன்றியது. அவ்வரலாற்றை எடுத்துரைப்போர் பலரும் அதன் பிற்பகுதியை விரித்து முற்பகுதியைச் சுருக்கிவிடுகின்றனர். பிற்பகுதி, குடிநீரில் புளோரைடு என்னும் உப்பைச் சேர்த்த செய்தி. முற்பகுதி, அவ்வுப்பு மிக்க நீரைக் கைவிட்ட செய்தி. தமிழகத்துச் சில மாவட்டங்களுக்குப் பொருந்துவது முற்பகுதியே என்பது இக்கட்டுரையின் கருத்து.

பற்காப்பு நம்மவர்க்குப் புதியதன்று. பதினெண்கீழ்க்கணக்கினுள் ஒன்றாகிய ஆசாரக்கோவை, கோலால் பல் விளக்குதலைக் காலைக் கடன்களுள் வைத்துக் கூறுகிறது. ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் போற்றும் பழமொழியை அறியாதார் இலர். முல்லையரும்பும் முத்தும் பல்லுக்கு உவமையாகப் பயின்று வருதலை இலக்கியம் கற்றார்க்கு எடுத்துக்காட்ட வேண்டுவதில்லை. வெண்மையே பல்லின் அழகு என்னும் எண்ணம் அத்துணை ஆழமாக வேரூன்றியது. ஆயின் இவையெல்லாம் வளர்ந்தோர் பல்லைப் பற்றியவை. குழந்தையின் பாற்பல்லை முளைக்கும்போது கொண்டாடினர். விழும்போது அதனை விளையாட்டாக்கினர். இடைப்பட்ட ஆண்டுகளில் அதனைப் பேணுவது பற்றிப் பெரிதும் எண்ணினாரல்லர். முதற்பல் முளைத்த குழந்தையின் தலையிற் கொழுக்கட்டை சொரியும் சடங்கு யாழ்ப்பாணத்தில் இன்றும் நிகழ்கிறது. விழுந்த பல்லைச் சாணத்தில் உருட்டிக் கூரைமேல் எறியும் வழக்கம் தமிழகத்து ஊர்களில் இருந்தது. 'விழப்போகிற பல்தானே' என்னும் பேச்சு இன்றும் வீடுகளிற் கேட்கப்படுகிறது. பாற்பற்கள் இருபதும் ஏறத்தாழ 6-ஆம் மாதத்திலிருந்து இரண்டரை வயதிற்குள் முளைத்து, 6 வயது முதல் 12 வயது வரையில் ஒவ்வொன்றாக விழுகின்றன. பின்வரும் நிலைப்பல்லுக்கு இடங்காத்து நிற்பவை அவையே. அவற்றைச் சொத்தையால் முன்னரே இழந்தால், பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ள, நிலைப்பல் வரிசை தவறி முளைக்கும்.

இனிக் கறையின் வரலாற்றைக் காண்போம். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திற் பல் மருத்துவம் கற்ற பிரெடெரிக் மக்கே என்பார், 1901-இல் அமெரிக்க ஐக்கிய நாட்டின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் நகரில் தொழில் தொடங்கினார். அந்நகரிற் பிறந்து வளர்ந்தோர் பலரின் பற்களில் பழுப்புக் கறை ஊறியிருக்கக் கண்டார். சிலர் பற்கள் சாக்லேட்டின் நிறமாகவே இருந்தன. தாம் கற்ற மருத்துவ நூல்களில் அதைப் பற்றிய குறிப்பு ஒன்றும் அவர்க்குக் கிட்டவில்லை. ஊராரோ தத்தமக்குத் தோன்றிய காரணங்களைக் கூறினர். பன்றியிறைச்சியை மிகுதியாக உண்பதால் என்றார் சிலர். கெட்ட பாலால் என்றார் சிலர். சுண்ணம் மிக்க நீரால் என்றார் வேறு சிலர். அதே 1901-ஆம் ஆண்டில், இத்தாலி நாட்டு நேப்பிள்சுத் துறைமுகத்தில் குடிபெயர்வோரைச் சோதித்துவந்த ஈகர் என்னும் அமெரிக்க மருத்துவரும் இத்தகைய பற்களைக் குறித்து எழுதினார்.

அக்காலத்துப் பல் மருத்துவத்தில் முதன்மை பெற்று விளங்கிய ஜி. வி. பிளாக் முதலில் இதனை நம்பவில்லை என்பர். இத்துணைப் பரவலான ஒரு குறை நூல்களில் இடம்பெறாது போகுமோ என்பது அவர் ஐயம். 1909-இல் அவர் கொலராடோவிற்கு வந்தபோது, அந்நகரிலேயே பிறந்த குழந்தைகளுள் 100-க்கு ஏறத்தாழ 90 பேர்க்குக் கறை உண்டென்னும் கணக்கு ஆயத்தமாக இருந்தது. தெருவில் விளையாடிய சிறுவர் வாயிலேயே அதனை நேரிற் கண்டு வியந்தார். 1915-இல் இறக்கும்வரை அவர் இவ்வாராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். அவரும் மக்கேயும் கண்ட முடிபுகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கன. ஒன்று, பல் உருவாகும் இளமைப் பருவத்தை அவ்வூரிற் கழித்தோர்க்கே கறை உண்டு. நிலைப்பல் முளைத்தபின் வந்து குடியேறியோர்க்கு இல்லை. மற்றொன்று, கறைபட்ட பல் சொத்தையை எதிர்த்து நின்றது. பிந்தியது அவர்க்கே விளங்காத புதிராயிற்று. பல்லின் மேலோடாகிய எனாமல் செவ்வனே அமையாத பல் எளிதிற் சொத்தையாகும் என்பதே அன்றைய எதிர்பார்ப்பு.

முதல் முடிபு நம் சொல்லாராய்ச்சிக்கும் உதவுவது. கறை என்றதும் புறத்திலிருந்து படிந்தது என்னும் எண்ணமே நமக்கு எழுகிறது. வெற்றிலைக் கறை, புகையிலைக் கறை என வழங்கிப் பழகியதன் விளைவு அது. இக்கறையோ படிந்ததன்று, பல் ஈற்றின் உள்ளே உருவாகும்போதே அதன் மேலோட்டிற் கலந்துவிட்ட குறை. முளைக்கும்போது சுண்ணம் தீற்றினாற்போல வெண்மையாகத் தோன்றிப் பின்னரே பழுப்பேறுவதும் உண்டு. எனவே குச்சியாலும் தூளாலும் எத்துணைத் தேய்த்தாலும் அது நீங்காது. தேய்க்கத் தேய்க்க மேலோடு தேய்வதே கண்ட பயன். இதனை அறியாமையால், இப்பல்லுடைய சிறுவரைப் பல் விளக்காதவர் எனப் பள்ளியிலும் வீட்டிலும் கடிந்துரைத்தல் நேர்கிறது. கொலராடோவில் உணவைப் பழித்தனர். நம் ஊர்களிற் குழந்தையைப் பழிக்கின்றனர்.

மக்கே நீரின்மேல் ஐயங்கொண்டார். அவ்வையத்திற்கு உறுதி தந்தது ஐடகோ மாநிலத்து ஓக்லி என்னும் சிற்றூர். 1923-இல் அவ்வூரினர் அவரை அழைத்துத் தம் பிள்ளைகளின் பற்களைக் காட்டினர். சில கல் தொலைவிலுள்ள ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்கு நீர்க்குழாய் போட்ட பின்னரே கறை தோன்றத் தொடங்கியது எனப் பெற்றோர் கூறினர். மக்கே அந்நீரைச் சோதித்துப் பார்த்தும் குற்றம் ஒன்றும் காண இயலவில்லை. எனினும், அவ்வூற்றைக் கைவிட்டு வேறோர் ஊற்றை நாடுமாறு அறிவுறுத்தினார். 1925-இல் ஊரார் அவ்வாறே செய்தனர். பல ஆண்டுகள் கழித்து அவர் மீண்டும் சென்று பார்த்தபோது, மாற்றத்திற்குப் பின் பிறந்த குழந்தைகளின் நிலைப்பற்கள் கறையின்றி முளைத்திருந்தன. அச்செய்தியை 1933-இல் வெளியிட்டார்.

நஞ்சு இன்னதென்று அறியாத நிலையிலேயே நோய் தடுக்கப்பட்டது என்பதை ஈண்டு உற்றுநோக்க வேண்டும். ஓக்லி ஊரார் வேதியியல் கற்றவரல்லர். மக்கேயிடமும் அன்று கருவியில்லை. எப்பொழுது நீர் மாறியது, எப்பொழுது பல் மாறியது என்னும் இரண்டு காலங்களையும் பொருத்திப் பார்த்த பெற்றோரின் நினைவே சான்றாயிற்று. குழந்தைகளின் பல்லைப் பொறுத்தவரையில் ஊர் முழுவதற்குமாகச் செய்யப்பெற்ற தடுப்பு முயற்சிகளுள் இதனைத் தலையாயதாகக் கருதுகிறேன். வரலாற்று நூல்கள் இதற்கு ஒரு பத்திக்கு மேல் இடம் தருவதில்லை.

நஞ்சின் பெயர் தெரிந்தது வேறோர் ஊரால். ஆர்க்கன்சா மாநிலத்தில் அலுமினியக் கனிமம் தோண்டும் கம்பெனி தன் தொழிலாளர்க்காக அமைத்த ஊர் பாக்சைட்டு. அங்கே வளர்ந்த குழந்தைகட்குக் கறை இருந்தது. ஐந்து கல் தொலைவிலுள்ள பென்டன் என்னும் ஊர்க் குழந்தைகட்கு இல்லை. மக்கேயும், அரசினரின் பொதுச் சுகாதாரப் பணியைச் சேர்ந்த கிரோவர் கெம்பும் இதனை ஆராய்ந்து எழுதிய அறிக்கை அக்கம்பெனியின் தலைமை வேதியியலார் எச். வி. சர்ச்சில் கைக்கு எட்டியது. அலுமினியப் பாத்திரத்திற் சமைத்து உண்பது நஞ்சு என்று சிலர் அந்நாளிற் பரப்பிவந்தனர். இவ்வறிக்கை அப்பேச்சுக்கு வலுவூட்டிவிடுமோ என அவர் அஞ்சினார். அலுமினியத்தின்மேற் பழி வாராமற் காக்கும் பொருட்டே பாக்சைட்டின் நீரை நிறமாலைக் கருவியால் நுணுகி ஆராயச் செய்தார். விளைவு எவரும் எதிர்பாராதது. பத்து இலட்சம் பங்கு நீரில் 13.7 பங்கு புளோரைடு இருந்தது. சர்ச்சில் பல ஊர் நீரையும் வருவித்துச் சோதித்து, கறையும் புளோரைடும் ஒருங்கு நிகழ்தலை 1931-இல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே அரிசோனாவில் மார்கரெட் ஸ்மித், ஹோவர்டு ஸ்மித் என்னும் இருவரும் எலிகளைக் கொண்டு செய்த சோதனையில் இதே முடிபை எய்தினர். வட ஆப்பிரிக்காவில் வெலு என்பாரும் அவ்வாண்டில் இதனைக் கண்டார். ஒருவரையொருவர் அறியாத மூவிடத்தார் ஓராண்டில் ஒரு பொருளைக் கண்டமை அறிவியல் வரலாற்றில் அரிதாக நிகழ்வது.

இதுவரை நிகழ்ந்தது கறையின் காரணம் தேடிய வரலாறு. இதன்பின் வினாவே மாறிற்று. 1931-இல் இவ்வாராய்ச்சியை மேற்கொண்ட அரசுப் பல் மருத்துவர் டிரெண்ட்லி டீன், எத்துணைப் புளோரைடு இருந்தால் கறை உண்டாகும் என அறியப் புகுந்தார். எலியாஸ் எல்வோவ் என்னும் வேதியியலார் பத்து இலட்சத்தில் ஒரு பங்கின் பத்தில் ஒரு கூறு வரையிலும் அளந்து காட்டும் முறையை அவர்க்கு வகுத்துக் கொடுத்தார். கறையை ஐயத்திற்குரியது, மிகச் சிறிது, சிறிது, நடுத்தரம், கடுமை எனத் தரம் பிரித்து டீன் அமைத்த முறை இன்றும் வழக்கில் உள்ளது. பத்து இலட்சத்தில் ஒரு பங்கு வரையில் பெரும்பாலார்க்குக் கண்ணிற்படும் கறை இல்லை என அவர் கண்டார். பின்னர், பிளாக்கும் மக்கேயும் விட்டுச்சென்ற பழைய புதிர் அவர் நினைவிற்கு வந்தது. 1942-இல் முடிந்த ஆராய்ச்சியில், நான்கு மாநிலங்களின் 21 நகரங்களில் 12 முதல் 14 வயது வரையுள்ள 7,257 சிறுவரின் பற்களை ஆராய்ந்து, நீரில் ஒரு பங்கு அளவு புளோரைடு உள்ள நகரங்களிற் சொத்தை பெரிதும் குறைந்திருத்தலை நிறுவினார். கறை தோன்றாத அளவிலேயே காப்பு உண்டு என்பதே அம்முடிபின் சிறப்பு.

அவ்வாறாயின் இயற்கையிற் குறைந்துள்ள நீரிற் செயற்கையாக அதனைச் சேர்க்கலாமோ? மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ராபிட்சு நகரம் 1945 சனவரி 25-ஆம் நாள் அதனைத் தொடங்கியது. ஏறத்தாழ 30,000 பள்ளிச் சிறுவரைத் தொடர்ந்து பார்த்துவந்தனர். பதினோர் ஆண்டுகட்குப்பின், சேர்த்த காலத்திற்குப் பிறகு பிறந்த குழந்தைகளிடம் சொத்தை 100-க்கு 60-க்கு மேற் குறைந்தது என டீன் அறிவித்தார். இப்பகுதி பலரும் அறிந்ததாதலின் விரிக்க வேண்டுவதில்லை.

இங்ஙனம் அமெரிக்கர் புளோரைடின் காப்பாற்றலை நோக்கித் திரும்பிய அதே ஆண்டுகளில், சென்னை மாகாணத்தில் அதன் கொடுமை வெளிப்பட்டது. அன்று இம்மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டத்திற் சில ஊர்களில் குழந்தைகளின் பல்லிற் கறை மட்டுமன்றி, வளர்ந்தோரின் முதுகெலும்பும் மூட்டுகளும் இறுகி வளைய இயலாது போகும் நோயும் இருந்தது. உழவு மாடுகளின் கால் விறைப்பை உழவர் அதற்கு முன்னரே கண்டிருந்தனர் என்பர். ஷார்ட்டு, மக்ராபர்ட்டு, பார்னர்டு, மன்னாடி நாயர் என்னும் நால்வர் இந்நோய்க்குப் புளோரைடே காரணம் என 1937-இல் எழுதினர். அவ்வாண்டிலேயே ஷார்ட்டு, சி. ஜி. பண்டிட்டு, டி. என். எஸ். இராகவாச்சாரி ஆகியோர் எழுதிய மற்றொரு கட்டுரையும் வெளிவந்தது. 1940-இல் பண்டிட்டும் அவருடன் உழைத்தோரும் வெளியிட்ட ஆராய்ச்சி, குழந்தைகளின் பற்கறையையும் வளர்ந்தோரின் எலும்பு நோயையும் ஒருசேர எடுத்து, உணவுக் குறைவு இந்நோயின் கடுமையை மிகுவிக்கிறதா என்று ஆராய்ந்தது. பிற்காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநராக விளங்கியவர் இப்பண்டிட்டே. அமெரிக்காவிற் பல்லழகின் குறையாக மட்டும் அறியப்பட்ட ஒன்று, ஓர் உயிரை முடமாக்கும் நோயின் முதற்குறியுமாம் என்பதை இந்நாட்டு ஆராய்ச்சி காட்டிற்று. புளோரைடு பற்றிய பொதுவான வரலாறுகளில் இக்கட்டுரைகட்குரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

ஒரே பொருள் ஓரிடத்திற் காப்பாகவும் ஓரிடத்தில் நோயாகவும் அமைந்தது ஏன்? முதற்காரணம் நிலம். கருங்கல்லும் பட்டைப்பாறையும் நிறைந்த தென்னாட்டு மேட்டுநிலங்களிற் புளோரைடு கலந்த கனிமங்கள் உண்டு. மழை குறைந்து நீர் நெடுநாள் பாறையிடுக்கிலே தங்குமிடத்தில், சுண்ணம் குறைந்து காரத்தன்மை மிக்க நீர் அதனைக் கரைத்துக்கொள்கிறது. இரண்டாவது வெயில். வெப்பநாட்டில் வாழும் குழந்தை குளிர்நாட்டுக் குழந்தையைவிட மிகுதியாக நீர் பருகும். ஆகவே குவளையிலுள்ள அளவு ஒன்றாயினும் உடலிற் சேரும் அளவு ஒன்றாகாது. இவ்வுண்மையை உணர்ந்தே அமெரிக்கர் 1962-இல் ஊரின் வெப்பத்திற்கேற்ப 0.7 முதல் 1.2 பங்கு வரை எனத் தம் அளவை வகுத்தனர். 2015-இல் அதனை எங்கும் 0.7 எனக் குறைத்தனர். இந்தியத் தர அளவை 1.0 பங்கை ஏற்கத்தக்கதாகவும், வேறு நீர் கிடையாவிடத்து 1.5 பங்கை எல்லையாகவும் கொள்கிறது.

மூன்றாவது காரணமும் ஒன்றுண்டு. அது நம் நன்முயற்சியின் விளைவு. குளத்து நீரும் திறந்த கிணற்று நீரும் தொற்றுநோய்க்கு இடமாயின என்று, 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஊர்தோறும் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. கிருமி நீங்கிய நீர் கிடைத்தது. ஆயின் பாறையின் ஆழத்து நீர் புளோரைடு மிக்கதாய் இருந்த ஊர்களில், வாந்திபேதிக்கு அஞ்சி விலகிய குழந்தை கறைக்கு ஆளாயிற்று. தருமபுரி மாவட்டமும், அதனினின்று 2004-இற் பிரிந்த கிருட்டினகிரி மாவட்டமும் தமிழகத்தில் இக்குறைக்குப் பெயர் பெற்றவை.

பல் இவ்வாராய்ச்சிக்கு எங்ஙனம் சான்றாகிறது என்பது கல்வெட்டாராய்ச்சியிற் பழகியோர்க்குச் சுவை தருவதாகும். எனாமல் ஒருமுறை அமைந்துவிட்டால் உடல் அதனைத் திரும்ப ஆக்குவதில்லை. எலும்பு தேய்ந்து மீண்டும் வளரும். எனாமலோ பொறித்தது பொறித்தபடியே நிற்கும். முன்வாய் நிலைப்பற்களின் மேலோடு பிறப்பு முதல் ஏறத்தாழ மூன்று வயதிற்குள் உருவாகி, 6 அல்லது 7 வயதில் வெளிவருகிறது. ஆகவே ஏழு வயதுச் சிறுவனின் முன்பல்லிற் காணும் கறை, அவன் தவழ்ந்த காலத்துக் குடிநீரின் பதிவு. பாற்பல்லில் இக்கறை பொதுவாகக் குறைந்திருப்பதற்குக் காரணம், அதன் பெரும்பகுதி தாய்வயிற்றிலும் தாய்ப்பால் உண்ணும் பருவத்திலும் அமைதலே. தாயருந்தும் நீரிற் புளோரைடு மிகுதியாக இருப்பினும் தாய்ப்பாலில் அது மிகச் சிறிதே சுரக்கிறது. பால்மாவை அக்கிணற்று நீரிற் கரைத்து ஊட்டினால் இக்காவல் அறவே நீங்கிவிடும். கறை மிக்க மாவட்டங்களில் மகப்பேற்று மனைகள் தாய்மார்க்குச் சொல்ல வேண்டுவனவற்றுள் இது முதன்மையானது என்பேன்.

இது நிற்க. சொத்தையின் மூலகாரணம் நீரன்று, இனிப்பே. வாயிலுள்ள நுண்ணுயிர்கள் இனிப்பைப் புளிப்பாக்க, அப்புளிப்பு எனாமலைக் கரைக்கிறது என்பதை 1890-இல் மில்லர் என்னும் அமெரிக்கர் பெர்லினில் இருந்து விளக்கினார். இரண்டாம் உலகப் போரிற் சர்க்கரை அருகிய நாடுகளில் குழந்தைகளின் சொத்தையும் அருகியது. சுவீடன் நாட்டு வைப்பெகோம் மருத்துவமனையில் 1945-க்குப் பின் சில ஆண்டுகள் நடந்த ஆராய்ச்சி, உணவிற்கு இடைப்பட்ட நேரத்தில் ஒட்டும் இனிப்பைத் தின்பதே பெருங்கேடு எனக் காட்டியது. ஆயின் அது மனவளர்ச்சி குன்றியோர்க்கு இனிப்பூட்டிப் பல்லைக் கெடுத்துப் பார்த்த ஆராய்ச்சி. அறிவின் பயன் கருதி அதனை மறந்துவிடல் ஆகாது. இரவிற் பால்புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தையின் மேல் முன்பற்கள் வரிசையாகச் சொத்தையாதலை 1962-இல் எலியாஸ் பாஸ் என்பார் தனி நோயாகப் பிரித்துக் கூறினார். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் பாலின் இனிப்பு பல்லிலேயே தங்கிவிடுகிறது. நம் நகரங்களிற் புட்டிப்பாலும் மென்தின்பண்டமும் பெருகிய பின்னர், கறையில்லாத ஊர்களிற் சொத்தை மிகுந்துள்ளது. கறையுள்ள ஊர்களும் இதற்கு விலக்கல்ல. கடுமையாகக் கறைபட்ட பல்லின் மேலோடு குழிந்து நொறுங்குவதால், சொத்தையை எதிர்க்கும் ஆற்றல் அதற்கு உண்டு எனக் கொள்ளவும் இயலாது.

புளோரைடு எவ்வாறு காக்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர் கருத்து மாறியுள்ளது. டீன் காலத்தில், விழுங்கிய புளோரைடு உருவாகும் பல்லிற் கலந்து அதனை உறுதியாக்குகிறது என்றே கருதினர். 20-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், அது முளைத்த பல்லின் மேற்பரப்பைத் தொட்டு, கரைந்த உப்பை மீண்டும் படியச் செய்வதே பெரும்பயன் என்னும் கொள்கை நிலைபெற்றது. இம்மாற்றம் குழந்தைகளைப் பொறுத்துப் பெரிதும் இன்றியமையாதது. காப்புக்குத் தொடுதல் போதும். கறைக்கு விழுங்குதல் வேண்டும். மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைக்குப் பற்பசையை ஓர் அரிசியளவும், அதன்மேல் ஆறு வயதுவரை ஒரு பட்டாணியளவும் இட்டுத் தாயே தேய்த்துத் துப்பச் செய்ய வேண்டும் என 2014-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் கூறியதன் அடிப்படை இதுவே. விளம்பரங்களில் தூரிகை முழுவதும் பசையைப் பிதுக்கிக் காட்டுவது இதற்கு நேர்மாறானது.

மேலை நாடுகளில் நீரிற் புளோரைடு சேர்க்கும் வழக்கம் இன்று மீண்டும் வழக்காடப்படுகிறது. பற்பசை எங்கும் பரவியபின் நீரிற் சேர்ப்பதன் கூடுதற் பயன் முன்போற் பெரிதன்று என 2024-இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு கூறியது. கனடா நாட்டுக் கால்கரி நகரம் 2011-இல் நிறுத்தியது; அங்குக் குழந்தைகளின் சொத்தை மிகுந்ததென ஆராய்ச்சியாளர் காட்ட, 2025-இல் மீண்டும் தொடங்கியது. அதே 2025-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலம் சட்டத்தால் விலக்கியது. இவ்வழக்காடலை நம் செய்தித்தாள்கள் அவ்வப்போது மொழிபெயர்த்து வெளியிடுகின்றன. நீரிற் புளோரைடு சேர்க்கும் திட்டம் இந்நாட்டில் இல்லை. நம் குழந்தைகட்கு அவ்வழக்கின் இரு கட்சியும் அயலானவையே.

நம் வினா, மிகுந்ததை நீக்குவது எங்ஙனம் என்பதே. நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம், படிகாரத்தையும் சுண்ணாம்பையும் இட்டுக் கலக்கித் தெளியவைக்கும் முறையொன்றை 1970-களில் வகுத்தது. கறை மிகுந்த நல்கொண்டாவின் பெயரே அதற்கு வழங்குகிறது. எளிய பொருள்களைக் கொண்டதாயினும், நாள்தோறும் நீரின் தன்மைக்கேற்ப அளந்து இட வேண்டுமாதலின் சிற்றூர்களில் நிலைத்தல் அரிதாயிற்று. ஊற்றையே மாற்றுவதாகிய ஓக்லி வழி இன்னும் உறுதியானது. ஜப்பானியக் கூட்டுறவு முகமையின் கடனுதவி பெற்று, காவிரி நீரை ஒகேனக்கலில் எடுத்துத் தருமபுரி, கிருட்டினகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்லும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பெற்றது. பேரளவினதாயினும் வழி அதுவே: பாறை நீரை விட்டு ஆற்று நீரை நாடுதல். எனினும் குழாயில் நீர் வாராத நாளிற் பழைய ஆழ்துளைக் கிணற்றை நாடும் வீட்டிற் குழந்தைக்குக் காப்பு முழுமையாகாது. சமைக்கும் நீரும் குடிக்கும் நீரைப் போன்றே உடலிற் சேர்வது.

இத்திட்டத்தின் பயனை அளக்கும் கருவி அம்மாவட்டச் சிறுவர் வாயிலேயே உள்ளது. 2013-க்குப் பின் பிறந்த குழந்தைகளின் முன்வாய் நிலைப்பற்கள் 2019, 2020 ஆகிய ஆண்டுகளிலிருந்து முளைக்கத் தொடங்கின. ஒரே வீட்டில் 2013-க்குப் பல ஆண்டுகள் முன் பிறந்த அக்காளையும் பின் பிறந்த தம்பியையும் அருகருகே நிறுத்தி, ஊர்ப்பெயர், குடித்த நீர், எந்த ஆண்டு குழாய் வந்தது, தாய்ப்பாலோ புட்டிப்பாலோ என்பவற்றைக் குறித்துக்கொண்டு, டீன் வகுத்த தரப்படி பற்களைப் பார்த்து எழுதினால், நீர் எங்கே சென்று சேர்ந்தது, எங்கே சேரவில்லை என்பது ஊர்வாரியாக விளங்கும். 1933-இல் மக்கே ஓக்லியில் இவ்வாறே செய்தார். அவரிடம் இருந்த சிறு கண்ணாடியும் ஊராரின் நினைவும் இன்று பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் கிடைப்பனவே.